அடையாளம் கட்டி, திணிவை அளந்து: மலையக மாணவருக்கு ஓர் ஆய்வுகூடத் தொழில்

பத்துத் தொன் தேயிலையில் நூறு மில்லிகிராம். தனி வரம்பு குறிக்கப்படாத பீடைகொல்லி எதுவானாலும் அதற்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஜப்பானின் விதி. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற இந்த எல்லை 2006 மே மாதத்திலிருந்து அங்கே அமுலில் இருக்கிறது. இவ்வளவு சிறிய அளவைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளிடம் அடுத்தது என்ன என்று கேட்டால் வைத்தியம், ஆசிரியத் தொழில், வங்கி என்று பதில் வரும். பகுப்பாய்வு இரசாயனவியலாளராகப் போகிறேன் என்ற பதில் அபூர்வம். அந்தப் பதிலும் வர வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

இந்தத் தொழில் நம் மலைகளோடு எவ்வளவு நெருக்கமானது என்பதை 2015க்குப் பிறகு நடந்தவை காட்டின. அந்த ஆண்டு அரசு கிளைபோசேட் களைகொல்லியைத் தடை செய்தது. புல் வெட்ட ஆள் போதாத தோட்டங்களில் எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு களைகொல்லி புகுந்தது. சில காலத்தில் ஜப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது: இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. எச்சம் இருக்கிறது. தேயிலையில் அந்த இரசாயனத்துக்கு ஜப்பான் தனி வரம்பு வைத்திருக்கவில்லை, ஆகவே 0.01 விதி பாய்ந்தது. கடைசியில் 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் தடை தளர்த்தப்பட்டது. தோட்ட நிருவாகம், ஏற்றுமதியாளர், அமைச்சு என்று பலர் பேசினார்கள். ஆனால் சரக்கு போகுமா திரும்புமா என்பதைத் தீர்மானித்தது ஆய்வுகூடத்துக் கணினித் திரையில் எழுந்த ஒரு சிறு பீக். உங்கள் அம்மா பறித்த கொழுந்தின் விலை அந்தத் திரையிலும் தங்கியிருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

ஒட்ட வைக்கும் கலை

இந்தத் துறையின் மையக் கருவி திணிவு நிறமாலைமானி. ஆய்வுகூடங்களில் ‘மாஸ் ஸ்பெக்’ என்றால் போதும். மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து அயனாக்கி, வெற்றிடத்தில் பறக்கவிட்டு, அதன் திணிவை அளக்கும் கருவி அது. விலை பல கோடி ரூபாய். அதனால் பலர் கருவியைப் பார்த்தே மலைத்துப்போகிறார்கள். கருவிக்குள் போவதற்கு முன் மாதிரிக்கு என்ன செய்கிறோம் என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதிக்கு மேற்பட்ட திறமை இருக்கிறது என்பது என் துணிபு.

கிளைபோசேட்டையே எடுத்துக்கொள்வோம். மூலக்கூற்றுத் திணிவு 169 மட்டுமே. நீரில் நன்றாகக் கரையும். வழக்கமான நிறப்பகுப்புக் குழாயில் தங்காமல் நீரோடு நீராக முதலிலேயே வெளியேறிவிடும். ஊதாக்கடந்த ஒளியைப் பிடித்துக்கொள்ளும் வளையம் எதுவும் அதில் இல்லை, ஒளிர்வதுமில்லை. அதனால் அதற்கு ஓர் அடையாளத்தை ஒட்ட வேண்டியிருக்கிறது. எஃப்மொக் குளோரைட் என்ற சேர்வை கிளைபோசேட்டில் இருக்கும் நைதரசனைப் பற்றிக்கொள்ளும். கொழும்பு ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு லொட்டிலும் தோட்டத்து மார்க்கும் இன்வொய்ஸ் இலக்கமும் இருப்பதைப் போல, எஃப்மொக் அந்தச் சிறு மூலக்கூறுக்கு விழும் மார்க். மார்க் விழுந்த பின் திணிவில் 222 கூடும். 169 ஆக இருந்தது 391 ஆகும். ஒரு புரோத்தனும் சேர்ந்தால் கருவியில் 392 என்று தெரியும். நிறப்பகுப்புக் குழாயிலும் இப்போது தங்கி வரும். ஒளிர்வு உணரி மட்டும் உள்ள ஆய்வுகூடமாக இருந்தால் அதிலும் தெரியும்.

உயர்தரம் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. அமைனும் அமிலக் குளோரைட்டும் சேர்ந்து ஏமைட்டு உண்டாகும் தாக்கத்தைப் படித்திருப்பீர்கள். எஃப்மொக் தாக்கம் அதன் நெருங்கிய உறவு. அதே கருநாடித் தாக்குதல், அதே ஐதரோக்குளோரிக் அமிலம் வெளியேறுதல். வெளிவரும் அமிலம் அமைனைக் கட்டிப் போட்டுவிடாமல் இருக்க பி.எச். 9 அளவில் போரேற்றுத் தாங்கற் கரைசல் சேர்க்கிறோம். பரீட்சைக்காக மனனம் செய்த பொறிமுறை இங்கே சம்பளம் தரும் அறிவாகிறது.

வேலை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். அரைத்த தேயிலையிலிருந்து சில கிராம் நிறுத்து எடுப்பார்கள். நீரைச் சேர்த்து நன்கு குலுக்கி, கலத்தை மையநீக்கியில் சுற்றி, தெளிந்த பகுதியை எடுப்பார்கள். ஐசோதோப்பால் கனமாக்கப்பட்ட கிளைபோசேட் தெரிந்த அளவில் ஆரம்பத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கும். வழியில் கொஞ்சம் இழந்தாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் இழக்கப்படும் என்பதால் கணக்கு பிழைக்காது. பிறகு போரேற்று, பிறகு எஃப்மொக். குறித்த நேரம் காத்திருந்து, அமிலம் விட்டுத் தாக்கத்தை நிறுத்தி, மிஞ்சிய எஃப்மொக்கைக் கரிமக் கரைப்பானால் கழுவி நீக்கி, வடிகட்டி, சிறு குப்பியில் அடைத்துக் கருவிக்கு அனுப்புவார்கள்.

இதில் தேயிலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தேயிலையின் தனி அமினோ அமிலமான தியனைன் உலர்ந்த இலையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இருக்கிறது. கிலோவுக்குப் பத்தாயிரம் மில்லிகிராமுக்கு மேல். நாம் தேடும் கிளைபோசேட் 0.01 மில்லிகிராம் என்றால் அதைவிட தியனைன் பத்து இலட்சம் மடங்கு. தியனைனிலும் அமைன் கூட்டம் இருக்கிறது, அதுவும் எஃப்மொக்கைப் பிடித்துக்கொள்ளும். கொடுத்த எஃப்மொக் போதாவிட்டால் தியனைனே முழுவதையும் தின்றுவிடும், கிளைபோசேட் மார்க் இல்லாமல் நிற்கும், கருவி ‘எதுவும் இல்லை’ என்று சொல்லும். எச்சம் உள்ள தேயிலைக்குச் சுத்தச் சான்றிதழ் போய்விடும். கோதுமைக்கோ குடிநீருக்கோ எழுதப்பட்ட செய்முறையைத் தேயிலைக்கு அப்படியே எடுத்தால் இப்படித்தான் நடக்கும். கஃபீனில் எஃப்மொக் பற்றக்கூடிய நைதரசன்–ஐதரசன் பிணைப்பு இல்லை, அதனால் அது மார்க்குக்குப் போட்டி போடாது. ஆனால் அயனாக்கும் இடத்தில் கூட்டமாக வந்து மற்றவற்றின் சமிக்ஞையை அமுக்கிவிடும். பொலிபீனோல்களும் அப்படியே.

தேயிலை எப்படி உருவாகிறது என்று தெரிந்த ஒருவர் இந்த ஆய்வுகூடத்துக்குள் வரும்போது மதிப்பு கூடுவது இதனால்தான். இளம் கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் என்ன வேறுபாடு, வாட்டும்போது என்ன நடக்கிறது, பீ.ஓ.பி. எது டஸ்ட் எது, மருந்து அடித்த பின் எத்தனை நாள் கழித்து ரவுண்டு வந்தது என்பதெல்லாம் லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கேட்டு வளர்ந்த விடயம். கொழும்பில் வளர்ந்த பட்டதாரி இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நேர்முகப் பரீட்சையில் இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

லேசர் எங்கே வருகிறது

இந்தத் தேயிலை எச்சப் பரிசோதனையில் பொதுவாக லேசர் கிடையாது. திரவ நிறப்பகுப்போடு இணைந்த மாஸ் ஸ்பெக்கில், நுண்துளி விசிறலால் அயனாக்குகிறார்கள். ஆனால் ஓர் அடையாளத்தை இரசாயன முறையில் ஒட்டி அதன் திணிவைத் தேடுவது என்ற அடிப்படை, லேசர் கொண்ட கருவிகளிலும் அப்படியே செல்லும். இந்தத் துறை வளர்கிற பக்கங்களில் அதுவும் ஒன்று. எஃப்மொக்கில் கை பழகியவர் அங்கே போகும்போது பாதி வழி தாண்டியிருப்பார்.

லேசர் முறையில் பரவலானது மால்டி. மாதிரியை ஒளியை உறிஞ்சும் ஒரு சிறு கரிம அமிலத்தோடு கலந்து உலோகத் தட்டில் துளியாக வைத்து உலரவிடுவார்கள். 337 நனோமீற்றர் நைதரசன் லேசரோ 355 நனோமீற்றர் திண்மநிலை லேசரோ மிகக் குறுகிய துடிப்பாக அடிக்கும். கூட இருக்கும் அமிலம் ஒளியை வாங்கி வெடித்துக் கிளம்ப, நமது மூலக்கூறு உடையாமல் அதோடு எழுந்து அயனாகும். அயன்கள் ஒரு நீண்ட குழாயில் பறக்கும். இலேசானது முன்னே வரும், கனமானது பின்னே வரும். வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து திணிவு.

பெரிய புரதங்களுக்கு இது அருமையான முறை. சிறிய மூலக்கூறுகளில்தான் தொல்லை. கூடச் சேர்த்த அமிலமும் அயனாகி, 500க்குக் கீழே இருக்கும் பகுதியைத் தன் பீக்குகளால் நிரப்பிவிடும். அந்த நெரிசலில் 150, 200 திணிவுள்ள ஒரு மருந்தையோ ஹோர்மோனையோ கண்டுபிடிப்பது கடினம். இங்கே அடையாளம் இரண்டு உதவி செய்கிறது: திணிவை உயர்த்தி நெரிசலிலிருந்து தள்ளி வைக்கிறது, நிரந்தர நேர் ஏற்றம் கொண்ட அடையாளமாக இருந்தால் அயனாகாமல் தப்ப முடியாதபடி செய்கிறது. ஜிராட்-டி என்ற சேர்வை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்டீரொயிட் ஹோர்மோன்களின் கீற்றோன் கூட்டத்தோடு அது சேரும். எளிதில் அயனாகாத 288 திணிவுள்ள தெஸ்தொஸ்தரோன், ஜிராட்-டி சேர்ந்ததும் 402இல் தெளிவாக நிற்கும். உறுப்பொன்றின் மெல்லிய வெட்டுத் துண்டின் மேல் இந்தச் சேர்வையைத் தெளித்து, லேசரைப் புள்ளி புள்ளியாக நகர்த்தினால், எந்த இடத்தில் எவ்வளவு ஹோர்மோன் என்று வரைபடமே கிடைக்கும்.

இன்னொரு வழியில் அடையாளம் உலோகம். பிறபொருளெதிரி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இலந்தனைட்டு உலோகத்தைக் கட்டி, புற்றுநோய்த் திசுவில் அவற்றை ஒட்டவிடுவார்கள். லேசர் ஒரு மைக்ரோமீற்றர் அளவில் திசுவைச் சுரண்டி எடுக்கும், பிளாஸ்மாவில் எரிந்த பின் எந்த உலோகம் வந்தது என்று மாஸ் ஸ்பெக் சொல்லும். சூரிச்சில் பெர்ன்ட் போடன்மில்லர் குழுவினர் இப்படி ஒரே திசுவில் 32 புரதக் குறிகளைப் பார்த்ததை 2014இல் வெளியிட்டார்கள். சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பழைய முறையில் ஒரே நேரத்தில் நாலைந்து நிறங்களுக்கு மேல் பிரித்தறிவது சிரமம். மருத்துவமனைகளில் பற்றீரியாவை அடையாளம் காணவும் மால்டி பயன்படுகிறது. அங்கே அடையாளம் ஒட்ட வேண்டியதில்லை, வளர்ந்த பற்றீரியாவை எடுத்துத் தட்டில் பூசி லேசர் அடித்தால் சில நிமிடத்தில் பெயர் வந்துவிடும்.

லேசரைப் பற்றிப் பேசும்போது கொயிச்சி தனக்காவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1959இல் ஜப்பானின் தொயாமாவில் பிறந்தவர். மின்பொறியியலில் முதல் பட்டம் மட்டும். பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழிப் பாடத்தில் தவறியதால் ஓராண்டு கூடுதலாகப் படிக்க நேர்ந்தது. 1983இல் கியோத்தோவில் ஷிமாட்சு நிறுவனத்தில் சேர்ந்தார். 1985இல் நுண்ணிய கோபால்ட் தூளோடு அசெற்றோனைக் கலப்பதற்குப் பதிலாகக் கிளிசரீனைக் கலந்துவிட்டார். வீணாக்க மனமில்லாமல் அதையே லேசருக்குக் கொடுத்துப் பார்த்தார். உடையாமல் பறக்காது என்று எல்லோரும் நினைத்திருந்த பெரிய மூலக்கூறுகள் உடையாமல் பறந்தன. 2002இல், 43ஆவது வயதில், இரசாயனவியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. கலாநிதிப் பட்டம் இல்லை, பேராசிரியர் பதவி இல்லை. நிறுவன ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஓர் ஊழியர். மாதிரியோடு கையால் உழைக்கிறவரைச் சிறியவராக நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டொழிக்க வேண்டும்.

எங்கே வேலை இருக்கிறது

நமக்கு மிக அருகில் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம். 1925இல் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. மக்கள் வாயில் ‘டீ.ஆர்.ஐ.’ எந்த மருந்தை எந்த அளவில் அடிக்கலாம், அடித்த பின் எத்தனை நாள் கொழுந்து எடுக்கக் கூடாது என்ற பரிந்துரைகள் அங்கிருந்து வருகின்றன. கண்டிப் பக்கம் போனால் பேராதனை கெட்டம்பேயில் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம். கொழும்பில் இலங்கைத் தேயிலைச் சபையின் ஆய்வுகூடம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம், பத்தரமுல்லைப் பக்கம் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். இவற்றோடு எஸ்.ஜி.எஸ்., பியூரோ வெரிட்டாஸ் போன்ற பன்னாட்டுப் பரிசோதனை நிறுவனங்களும், பெரிய தேயிலை ஏற்றுமதியாளர்களின் தரப் பிரிவுகளும் இருக்கின்றன. வேலையில் பெரும்பகுதி கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். முதல் ஓரிரு ஆண்டு போர்டிங் வாழ்க்கைக்கு வீட்டில் எல்லோரும் தயாராக இருக்க வேண்டும் என்பதை இப்போதே பேசி வைப்பது நல்லது.

உள்ளே போனால் பல படிகள் இருக்கின்றன. மாதிரியை ஏற்றுப் பதிந்து முத்திரை சரிபார்ப்பவர் ஒருவர், அரைத்து நிறுத்துப் பிரித்தெடுப்பவர் ஒருவர், கருவியை இயக்குபவர் ஒருவர், முடிவைச் சரிபார்த்துக் கையெழுத்து வைப்பவர் இன்னொருவர். புதியவர்கள் கருவியைத் தொடத் துடிப்பார்கள். மாதிரித் தயாரிப்பில் ஓர் ஆண்டாவது ஆழமாக இருந்து பாருங்கள் என்பேன். கருவி தரும் எண் எங்கே பிழைக்கும் என்பது அங்கேதான் புரியும்.

இரண்டு பாதைகளை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. ஒன்று தர முகாமைத்துவம். வெளிநாடு ஏற்றுக்கொள்ளும் அறிக்கை கொடுக்க வேண்டுமென்றால் ஆய்வுகூடம் ஐ.எஸ்.ஓ. 17025 நியமத்தின்படி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இங்கே அதை வழங்குவது இலங்கைத் தராதர அங்கீகார சபை. பதிவேடு, அளவுத்திருத்தம், நிச்சயமின்மைக் கணக்கு, உள்ளகக் கணக்காய்வு ஆகியவற்றில் தேர்ந்தவரை எந்த ஆய்வுகூடமும் இழக்க விரும்பாது. மற்றது கருவிச் சேவை. மாஸ் ஸ்பெக்குக்குள் வெற்றிடப் பம்பிகள், உயர் மின்னழுத்தம், வாயு வழங்கல், லேசர் என்று எல்லாம் இருக்கின்றன. அவை பழுதானால் ஓர் ஆய்வுகூடமே நின்றுவிடும். கருவி நிறுவனங்களின் உள்ளூர் முகவர்களிடம் வேலை செய்யும் சேவைப் பொறியியலாளர் ஓடிவந்து திருத்துவார். பௌதிகவியலிலும் மின்னணுவியலிலும் நாட்டமுள்ள பிள்ளைகள், தொழில்நுட்பப் பிரிவில் படிப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சியும் பயணமும் அதிகமுள்ள வேலை அது.

படிப்பு வழி

இரசாயனவியல் இல்லாமல் பகுப்பாய்வாளர் ஆக முடியாது. உயிரியல் பிரிவானாலும் கணிதப் பிரிவானாலும் பரவாயில்லை, இரசாயனவியல் வேண்டும். மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்ற சிலவற்றை நோக்கித் தூரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் பஸ் மாறிப் போகிறார்கள். ஆகவே சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடனேயே எந்தப் பாடசாலையில் உயர்தர இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று விசாரித்து முடிவெடுங்கள். பெயருக்காகப் பாடசாலையைத் தெரிய வேண்டாம், ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் அடங்குகின்றன. அவற்றுக்கென ஐந்து சதவீத ஒதுக்கீடு உண்டு. மாவட்ட ஒதுக்கீடும் சேர்வதால், கொழும்பு மாணவருக்குத் தேவைப்படும் இசட் புள்ளியைவிடக் குறைவான புள்ளியில் விஞ்ஞான பீடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. விண்ணப்பத்தில் வைத்தியம், பொறியியல் என்று எழுதிவிட்டு மற்றதை அவசரத்தில் நிரப்புகிறவர்கள் அதிகம். பேராதனை, கொழும்பு, களனி, யாழ்ப்பாணம், ஜயவர்தனபுர விஞ்ஞான பீடங்களை யோசித்து வரிசைப்படுத்துங்கள். பதுளை ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டக்கற்கை இருக்கிறது. தேயிலையை விட்டுவிடாமல் ஆய்வுகூடத்துக்குப் போக விரும்புகிறவருக்கு அது நல்ல வழி.

இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால் கதை முடிந்துவிடாது. இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் கல்லூரி, நான்கு ஆண்டில் இரசாயனவியலில் பட்டத்துக்கு நிகரான தகைமையைத் தருகிறது. நாட்டின் ஆய்வுகூடங்களில் அந்தத் தகைமைக்கு நல்ல மரியாதை. அதே இடத்தில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்கான டிப்ளோமாவும் நடக்கிறது. கட்டணம் உண்டு. பணம் தடையாக இருந்தால், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1947இல் தொடங்கப்பட்ட கல்வி நிதியம் இன்றும் புலமைப்பரிசில் வழங்குகிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள். உயர்தர மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பட்டம் முடித்துச் சில ஆண்டு வேலை செய்த பின், பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் பகுப்பாய்வு இரசாயனவியலில் முதுமாணி படிக்கலாம். வேலையோடு சேர்த்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். மால்டி, திசு வரைபடம் போன்ற லேசர் வேலை வேண்டுமென்றால் அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்பை நோக்கலாம்.

மொழியைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உயர்தரம் வரை தமிழில் படிக்கலாம். பல்கலைக்கழகத்திலும் ஆய்வுகூடத்திலும் எல்லாம் ஆங்கிலத்தில். சக ஊழியரோடு பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். தமிழில் இரசாயனவியலை ஆழமாக விளங்கிக்கொண்ட பிள்ளை ஓராண்டில் ஆங்கிலச் சொற்களைப் பிடித்துக்கொள்ளும். விளங்காமல் ஆங்கிலத்தில் மனனம் செய்தவர்தான் பின்னால் தடுமாறுவார். ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் இன்றே தொடங்குங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு கலைச்சொல் வரும்போதெல்லாம் அதன் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வீட்டிலிருந்தே பழகலாம்

மாஸ் ஸ்பெக் வீட்டில் கிடையாது. ஆனால் மாஸ் ஸ்பெக் தரும் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்கைலைன் என்ற மென்பொருள் இலவசம். எம்.செட்.மைன் திறந்த மூல மென்பொருள். மாஸ்பாங்க் என்ற திறந்த தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான சேர்வைகளின் நிறமாலைகள் இருக்கின்றன. பெறுபேறு வரும் வரை காத்திருக்கும் மாதங்களில் ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும்: கஃபீனைத் தேடுங்கள், 195இல் ஒரு பீக் ஏன் வருகிறது, மூலக்கூறு உடைந்து 138இல் வருவது எந்தத் துண்டு என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்து தியனைன், 175. அடுத்து கிளைபோசேட்டுக்கு 222ஐக் கூட்டி, 392 ஏன் 88 ஆக உடைகிறது என்று வரைந்து பாருங்கள். இதைச் செய்தவர் நேர்முகப் பரீட்சையில் பேசுவது வேறு விதமாக இருக்கும்.

நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்பார்கள்? நான் கேட்பதென்றால் இப்படிக் கேட்பேன்: எதுவுமே சேர்க்காத வெற்று மாதிரியில் கிளைபோசேட் பீக் வந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்? கழித்துவிடுவேன் என்பவருக்கு வேலை கொடுக்க மாட்டேன். அன்றைய தொகுதி முழுவதையும் நிறுத்தி வைத்து, கண்ணாடிப் பாத்திரம், கரைப்பான், முந்தைய மாதிரியிலிருந்து கருவிக்குள் மிஞ்சிய எச்சம் என்று ஒவ்வொன்றாகத் தேடுவேன் என்பவரை எடுப்பேன். இரண்டாவது கேள்வி மீட்சி பற்றியது. தெரிந்த அளவு சேர்த்த மாதிரியில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தால் ஏற்பீர்கள்? எச்சப் பகுப்பாய்வுக்கான ஐரோப்பிய வழிகாட்டி சராசரி மீட்சி 70 முதல் 120 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதோடு ஒரு சேர்வை இருக்கிறது என்று சொல்ல இரண்டு துண்டுகளாவது தெரிய வேண்டும், அவற்றின் விகிதம் நியமக் கரைசலிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, குழாயிலிருந்து வெளிவரும் நேரமும் பொருந்த வேண்டும். இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லும் புதியவரை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த பின் உங்களைக் காப்பாற்றுவது நேர்மையான குறிப்பேடு. பேனாவால் எழுதுங்கள். அழிக்காமல் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் இடுங்கள். சரக்கு அவசரம், அறிக்கையை இன்றே கொடு என்று அழுத்தம் வரும், நிச்சயம் வரும். எண் சரியில்லையென்றால் மறுபடி செய்ய இன்னொரு நாள் கேளுங்கள். எஃப்மொக் கண்ணையும் தோலையும் அரிக்கும், கழுவும் கரைப்பான் மூச்சுக்குக் கெடுதி. புகைக்கூண்டு, கையுறை, கண்ணாடி இல்லாமல் ஒருநாளும் தொடாதீர்கள். நைதரசன் லேசரும் திண்மநிலை லேசரும் கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த ஒளியைத் தருகின்றன. கருவியின் மூடி திறந்தால் லேசர் நிற்கும்படிதான் அமைப்பு இருக்கும். சேவை செய்கிறவர் தவிர வேறு யாரும் அந்தப் பூட்டில் கை வைக்கக் கூடாது.

பயிலுநர் இடம் கேட்டு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறீர்கள், தேயிலையைப் பற்றி என்ன தெரியும், எந்த நிறமாலையைப் பார்த்து என்ன கணக்குப் போட்டீர்கள், எத்தனை மாதம் வர முடியும், எங்கே தங்குவீர்கள் என்பது வரை எழுதுங்கள். இரசாயனவியல் ஆசிரியரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி இணையுங்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, ஆய்வுகூடப் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, அவர் பெயருக்கே மறுபடி அனுப்புங்கள்.